எஞ்சின் ஓடாத பல்லேபொல பஸ்

ஜாஸ் வாசிக்கிறேன் என்று சொன்னால் மாத்தளையில் ஆட்கள் இரண்டு விதமாக முகத்தை வைத்துக்கொள்வார்கள். ஒன்று, "பாவம், நல்லா இருந்த மனுசன்" என்கிற முகம். மற்றது, "சரி சரி, நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு அதெல்லாம் வேணாம், நல்ல பாட்டா நாலு போடுங்க" என்கிற முகம். இரண்டையும் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. கலேவெலயோ தம்புள்ளயோ வில்கமுவயோ, கல்யாணம் எங்கே நடந்தாலும் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போகிறேன். நல்ல பாட்டாக நாலு போடுகிறேன். தருகிற சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். அது பிழைப்பு. ஜாஸும் புளூஸும் என் சொந்த வியாதி, அதை யாருக்கும் ஒட்ட வைக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

என் பெயர் விஜேந்திரன். கல்யாணம் கட்டவில்லை, ஏன் என்று கேட்க வேண்டாம். டவுனில் புஹாரி நானாவின் மிளகுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறேன். முன்னறை என்னுடையது. பின்னால் இருக்கும் நீட்டு அறை நானாவின் ஸ்டோர். மிளகும் கராம்பும் சாதிக்காயும் மூட்டை மூட்டையாக அங்கேதான் கிடக்கும். அந்த ஸ்டோர்தான் எங்கள் ஸ்டூடியோ. சிரிக்காதீர்கள். கொழும்பில் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி எதிரொலியை அடக்குகிறார்கள், எங்களுக்கு நாலு பக்கமும் மிளகு மூட்டை. அதற்குள் ட்ரம் அடித்தால் சத்தம் சுவரில் முட்டித் திரும்பி வராது. மூட்டையெல்லாம் போய்விட்டால் அதே அறை கல்யாண மண்டபம் மாதிரி முழங்கும். அதனால் எங்கள் ரெக்கோர்டிங் முழுக்க மிளகு விலையைப் பார்த்துத்தான் நடந்தது. விலை ஏறட்டும் என்று நானா மூட்டையைப் பிடித்து வைத்திருக்கும் கிழமைகளில் பாட்டு. ஏறியதும் லொறி வந்து எங்கள் ஸ்டூடியோவை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்விடும்.

குழுவுக்குப் பெயர் 'கராம்பு'. மூன்று பேர். நான் கீபோர்ட், இடது கையால் பேஸும் நானே. நிரஞ்சன் கிட்டார், பல்லேபொலயிலிருந்து பஸ்ஸில் வருவான். நளீம் ட்ரம்ஸ், வீடு டவுனிலேயே. இரண்டு பேரும் என்னைவிட நன்றாக இளையவர்கள், அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் மரியாதை எல்லாவற்றையும் செருப்போடு சேர்த்துப் படியிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் மேலே வருவார்கள்.

சண்டை என்றால் அப்படி ஒரு சண்டை. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, வாசிக்க வாசிக்க வேகம் கூடிவிடும். நளீம் ட்ரம் விளிம்பில் டொக்கென்று அடித்து நிறுத்துவான். "எந்த பஸ்ஸ புடிக்க போறீங்க அண்ணே? சொல்லிட்டாவது ஓடுங்க." நிரஞ்சன் இன்னும் மோசம். நான் ஒரு சுரத்தை மாற்றிப் போட்டால் வாயே திறக்க மாட்டான். கிட்டாரைக் கழற்றி மூட்டைமேல் சாய்த்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவான். நாங்கள் இரண்டு பேரும் கீழே இறங்கிப் போய்க் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஒருமுறை நளீம் எறிந்த குச்சி என் காதை உரசிக்கொண்டு போனது. நானா ஏறி வந்து வாசலில் நின்று, "இது பாட்டா, இல்லாட்டி காணிச் சண்டையா?" என்று கேட்டார். அந்தச் சண்டைகளுக்குள்ளேதான் ஐந்து பாட்டு பிறந்தது. ஐந்தும் நல்ல பாட்டு, நான் வாசித்தது என்பதற்காகச் சொல்லவில்லை.

பிறகு நாடு படுத்துவிட்டது. பெட்ரோலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை, கரண்ட் வெட்டு. கல்யாணங்கள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே சத்தமில்லாமல் முடிந்தன. நளீம் டிரைவர் வேலைக்கு டோஹா போனான். நிரஞ்சன் கனடா போனான், அங்கே ஏதோ ஒரு ஸ்டோரில் பெட்டி ஏற்றுகிறான். இரண்டு பேரையும் கட்டுநாயக்க ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டவன் நான்தான். இரண்டாவது ஆளையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, அந்த ஸ்டோரில் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இல்லை. யார் பார்க்கப் போகிறார்கள்?

அடுத்த மூன்று பாட்டையும் ஃபோனிலேயே முடித்தோம். நான் வாசித்து அனுப்புவேன். நிரஞ்சன் தன் அறையிலிருந்து கிட்டாரை அனுப்புவான். நளீம் அங்கே யாரோ ஒரு பிலிப்பீன்காரரின் ட்ரம் செட்டில் லீவு நாளில் அடித்து அனுப்புவான். நான் கம்பியூட்டரில் மூன்றையும் ஒட்டித் திருப்பி அனுப்பினால், "சூப்பர் அண்ணே" என்று பதில் வரும், பக்கத்தில் ஒரு பெருவிரல். நான் ஓடுகிறேன் என்று நளீம் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, டிக் டிக் என்று எண்ணுகிற மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டுதானே வாசித்தேன். அந்த மூன்று பாட்டும் சுத்தம். ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி அப்படி ஒரு சுத்தம்.

ஒன்பது பாட்டில் ஒரு அல்பம் போடத்தான் திட்டம், மிச்சம் இருந்தது ஒரே ஒரு பாட்டு. நிரஞ்சன் போட்ட மெட்டு, பெயர் 'பல்லேபொல பஸ்'. கிட்டாரில் ஆகத் தடித்த கம்பியை, விரல் எதுவும் வைக்காமல் சும்மா தட்டினால், அடித்தொண்டையில் ஒரு உறுமல் வரும். பாட்டு தொடங்கியதிலிருந்து முடியும்வரை அந்தக் கம்பியை உறும விட்டுக்கொண்டே இருப்பான். ஆள் சேரும்வரை எஞ்சினை அணைக்காமல் பஸ் ஸ்டாண்டில் நிற்குமே, அந்தச் சத்தம். என் கீபோர்டும் நளீமின் ட்ரம்மும் அந்த பஸ்ஸில் ஏறிக்கொள்கிற சனம். இதையும் துண்டு துண்டாக அனுப்பி ஒட்டிப் பார்த்தோம், சரிவரவில்லை.

அப்போதுதான் நான் ஒற்றைக் காலில் நின்றேன். இந்தப் பாட்டை மூன்று பேரும் ஒரே அறையில் இருந்து வாசிக்க வேண்டும். வாசித்தால் அல்பம் வெளியே போகும், இல்லாவிட்டால் போகாது. பிரிந்த பிறகும் அப்படி ஒரு பாட்டாவது இல்லாமல் வந்தால் அது கராம்பின் அல்பமே இல்லை. நான் தனியாக உட்கார்ந்து செய்துவிட்டு, ஊரில் இல்லாத இரண்டு பேரின் பெயரை ஒட்டிய அல்பம். நாங்கள் இன்னும் ஒரு குழுதான் என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஊருக்குத் தெரியாவிட்டால் போகட்டும், எனக்குத் தெரிய வேண்டும். அதைத் தவிர அந்த வருஷங்களில் எனக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

போன ஆகஸ்டில்தான் வழி பிறந்தது. நிரஞ்சன் தகப்பனின் தெவசத்துக்கு வந்திருந்தான். அவன் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் நளீம் லீவில் வந்து இறங்குகிறான். இரண்டு பேரும் சேர்ந்து எனக்குக் கிடைக்கிற நாள் ஒரே ஒரு புதன்கிழமை. நான் நானாவிடம் ஓடினேன், ஏனென்றால் அந்தப் புதன்கிழமைதான் லொறி வரவிருந்தது.

"நானா, ஒரு நாள் பொறுத்து மூட்டைய அனுப்புங்க."

"வெல எறங்கினா?"

"எறங்காது."

"ஒங்களுக்கு எப்பிடி தெரியும்? மொளகோட பேசினீங்களா?"

"அவனுங்க ரெண்டு பேரும் வாறானுங்க நானா."

அவர் தராசை விட்டுவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, லொறிய வியாழக்கெழம வரச் சொல்றன். போய் அந்த ரூம கூட்டுங்க, எலிப் புழுக்க கெடக்கும்" என்றார்.

கூட்டினேன். கழுவினேன். மைக், வயர், நாற்காலி எல்லாவற்றையும் துடைத்து வைத்தேன். முந்தின நாள் கலேவெலவில் ஒரு கல்யாணம் இருந்தது, அதை முடித்துக்கொண்டு வந்தும் மறுபடி ஒரு தடவை துடைத்தேன். பெண் பார்க்க வருகிற வீட்டில்கூட இவ்வளவு துடைக்க மாட்டார்கள்.

புதன்கிழமை காலையில் இரண்டு பேரும் ஒன்றாகவே படியேறி வந்தார்கள். நளீம் கையில் பேரீச்சம்பழப் பெட்டி. நிரஞ்சன் எனக்கு ஒரு குளிர்ச் சட்டை கொண்டுவந்திருந்தான். மாத்தளையில் அதைப் போட்டால் அவிந்துபோவேன், இருந்தாலும் போட்டுக் காட்டினேன். பிரஷர் பார்க்கிறீர்களா, சமைத்துச் சாப்பிடுகிறீர்களா, இரவில் நித்திரை வருகிறதா என்று மாறி மாறிக் கேட்டார்கள். வார்டில் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. என்னைச் சுற்றி இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

முன்பெல்லாம் நிரஞ்சன் கம்பி முறுக்கும்போது, "அண்ணே, ஒரு சுருதி குடுங்க" என்பான். நான் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பேன். இப்போது கிட்டார் தலையில் கிளிப் மாதிரி ஒரு சின்ன மெஷின் மாட்டியிருந்தான். அதைப் பார்த்தே முறுக்கி முடித்துவிட்டான், என்னை எதுவும் கேட்கவில்லை. கனடாச் சாமான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் முதல் பட்டனைத் தட்டி ஓர்கன் சத்தத்தை வைத்தேன். நளீம் எண்ணினான். தொடங்கினோம். தொடங்கிய இடத்திலேயே பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு சத்தம். நிரஞ்சன் சட்டென்று கம்பிகளைக் கையால் அமுக்கினான். என் கீபோர்டை ஒரு தடவை பார்த்தான். பிறகு கிட்டாரைப் பார்த்தான்.

"சாரிண்ணே. நான்தான் பிசகிட்டேன். மறுபடி போவோம்."

"பரவால்லடா" என்றேன் பெருந்தன்மையாக. "பெட்டி தூக்கித் தூக்கி வெரலு மரத்துப்போயிருக்கும். பல்லேபொலக்கு வழியே மறந்துட்டியா?"

அவன் சிரித்தான். நளீமும் சிரித்தான், ஆனால் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். மறுபடி தொடங்கினோம். இந்தத் தடவை எந்தத் தடங்கலும் இல்லை. தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் போனது. நான் எங்கே போனாலும் இரண்டு பேரும் கூடவே வந்தார்கள். என்ன பக்குவம் வந்துவிட்டது பையன்களுக்கு என்று வாசித்துக்கொண்டே நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பாட்டு நடந்த நேரம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன்.

"அருமைண்ணே" என்றான் நிரஞ்சன்.

"இன்னொருக்கா எடுக்கவா?" என்று கேட்டேன்.

"தேவல்ல அண்ணே, இதவிட என்னா வேணும்?" என்றான் நளீம்.

பார்சல் சோறு சாப்பிட்டோம். ஃபோட்டோ எடுத்தோம். இரண்டு பேரும் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை விடிந்ததும் லொறி வந்துவிட்டது. ஆட்கள் மூட்டைகளைத் தூக்கித் தூக்கிக் கீழே இறக்கினார்கள். நான் முன்னறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாட்டைப் போட்டேன். எல்லாம் இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று காலி. மறுபடி போட்டேன். அந்த உறுமலைக் காணவில்லை. பாட்டு முழுக்க, ஒரு இடத்தில்கூட, நிரஞ்சன் அந்தத் தடித்த கம்பியைத் தொடவே இல்லை.

எழுந்து போய்க் கீபோர்டைப் போட்டு முதல் பட்டனைத் தட்டினேன். திரையின் மூலையில் எப்போதும் பூச்சியம் நிற்கும் இடத்தில் ஒன்று என்று நின்றது.

கல்யாணத்துக்கு வாசிக்கிற எங்களிடம் ஒரு குறுக்குவழி உண்டு. பாட வருகிறவருக்குச் சுருதி எட்டாவிட்டால் விரலை மாற்றி வாசித்து மினக்கெட மாட்டோம். ஒரு பட்டனைத் தட்டினால் மெஷினே சுருதியை ஏற்றும், இறக்கும். விரல் பழைய கட்டையிலேயே ஓடும். கலேவெலவில் மாப்பிள்ளையின் மாமா பாட்டுப் பாட ஏறினார். அவருக்கு அரைச் சுருதி ஏற்றிக் கொடுத்தேன், திரையில் அது ஒன்று. மனுஷன் மைக்கை விடுகிற மாதிரி இல்லை, திரும்பத் திரும்ப வந்தார். அதனால் அந்த அமைப்பை முதல் பட்டனிலேயே பதிந்து வைத்தேன். வீட்டுக்கு வந்து அழித்திருக்க வேண்டும். நாற்காலியைத் துடைக்கிற அவசரத்தில் அதை மறந்துவிட்டேன்.

ஆக, புதன்கிழமை நான் அரைச் சுருதி மேலே நின்று வாசித்திருக்கிறேன். விரல் வைக்காத அந்தக் கம்பி பழைய சுருதியிலேயே உறுமும், என் சுருதியோடு சேர்த்துத் தட்டினால் நாராசமாக இருக்கும். முதல் சத்தத்திலேயே நிரஞ்சனுக்கு விளங்கியிருக்கிறது. என் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு சாரி சொன்னான். பிறகு தன் விரல்களைக் கிட்டார்க் கழுத்தில் ஒரு கட்டம் மேலே தள்ளி வைத்து, தன் பாட்டின் உயிரைத் தானே விட்டுவிட்டு வாசித்திருக்கிறான். நான் அவனைப் பார்த்து விரல் மரத்துவிட்டது என்று நக்கல் அடித்திருக்கிறேன்.

பின்னேரம் அவனுக்கு ஃபோன் எடுத்தேன். ஏர்போர்ட்டில் இருந்தான்.

"அந்தக் கம்பிய ஏன்டா தொடல?"

"கவனிச்சிட்டீங்களா?" என்றான்.

"பிழை என்னோடது. நீ என்னத்துக்கு சாரி சொன்ன?"

"விடுங்கண்ணே. நல்லாத்தானே வந்திருக்கு."

"நல்லா இல்ல. எஞ்சினே இல்லாம பஸ்ஸ ஓட்டியிருக்க. அந்த நேரமே கிட்டார சாத்திட்டு எந்திரிச்சுப் போயிருக்கணும் நீ. முந்தி போவ தானே?"

"எப்படிண்ணே போறது? நீங்க ரூமெல்லாம் கழுவி, மைக்க எல்லாம் சாமிப் படம் மாதிரி தொடச்சு வச்சிருந்தீங்க. ஒங்க மொகத்தப் பாத்தேன். சொல்ல வாய் வரல."

"இப்பவாவது திட்டுடா."

அவன் சிரித்தான். "போய்ச் சேந்து மெசேஜ் போடுறேண்ணே. மருந்த விடாம போடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஃபோனைக் கட்டிலில் எறிந்தேன். நல்ல கோபம். அந்த நேரம் பார்த்து நளீம் கீழே கடைக்கு வந்திருந்தான், நானாவோடு பேசும் குரல் கேட்டது. படியில் இறங்கிப் போய் வழி மறித்தேன்.

"நளீம், உண்மையச் சொல்லு. நேத்து நான் ஓடினேனா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா?"

"நல்லா ஓடினீங்க. நானும் பின்னாலேயே ஓடி வந்தன்."

"நீ நிப்பாட்டியிருக்கலாமே. டொக்குன்னு ஒரு அடி. அவ்வளவுதானே?"

நளீம் படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "முந்தி நிப்பாட்டினா, சண்ட புடிச்சிட்டு நாளக்கி வந்து மறுவா வாசிப்பம்" என்றான். "இப்ப நாளக்கி எங்க இரிக்கி அண்ணே?"

அவன் என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உம்மாவுக்கு ஏலக்காய் வாங்க வந்ததாகச் சொல்லிக் கடைக்குள் போனான். நான் மேலே ஏறி வந்தேன். ஸ்டோரில் ஒரு மூட்டைகூட மிச்சமில்லை. நடுவில் போய் நின்று, சும்மா, நளீம் அடிப்பது மாதிரி டொக்கென்று நாக்கைத் தட்டினேன். சத்தம் போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வந்தது.

அவர்கள் மேல் என்ன பிழை? ஒரு பிழையும் இல்லை. இரண்டு பேரும் தங்கம். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. என்னைப் பாவம் பார்த்திருக்கிறார்கள். நோயில் கிடக்கிற வருத்தக்காரனுக்குப் பக்கத்தில் சத்தம் போடக் கூடாது என்பதுபோல, நான் விட்ட பிழையை எல்லாம் மெதுவாக மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கனடாவிலும் டோஹாவிலும் இருந்தபோதுகூட அவர்கள் எனக்கு அவ்வளவு தூரமாக இருந்ததில்லை.

பாட்டை அழித்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் மூன்று பேரும் ஒரே அறையில் இருந்து வாசிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டவன் நான். அவர்கள் வந்தார்கள், இருந்தார்கள், வாசித்தார்கள். இனி எதைச் சொல்லித் தடுப்பது? அல்பத்தை இணையத்தில் விட்டேன். ஒன்பதாவது பாட்டாக 'பல்லேபொல பஸ்' போனது, இருந்தபடியே.

ஊரில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வெளியில் சில பேர் கேட்டிருக்கிறார்கள். போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு ரேடியோக்காரப் பெண் பேட்டிக்கு ஃபோன் எடுத்தார். ஒன்பதையும் ஒழுங்காகக் கேட்டிருந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். முதல் ஐந்து பாட்டும் கொஞ்சம் முரடாக இருக்கிறது என்றார். ஆமாம் என்றேன்.

"ஆனா சார், அந்தக் கடைசிப் பாட்டு இருக்கே" என்றார் அவர். "ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவு அழகா விட்டுக்கொடுத்து வாசிக்கிறீங்க. நீங்க வேகமா போனா ட்ரம்ஸும் கூடவே வருது, கிட்டார் எங்கேயுமே உங்களை மறைக்கல. ரொம்ப நாள் ஒண்ணா இருந்தவங்களாலதான் இப்படி முடியும். அந்த இணக்கம் எப்படி வந்துச்சுன்னு நேயர்களுக்குச் சொல்லுங்களேன்."

கனடாவில் அது விடியற்காலை. டோஹாவில் நளீம் வேனில் யாரையாவது ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருப்பான். அந்தப் பெண் லைனில் காத்துக்கொண்டிருந்தார்.

"நாங்க இப்ப சண்டை புடிக்கிறதில்லங்க" என்றேன்.

"கேட்கவே சந்தோஷமா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு, அவர் அந்தப் பாட்டைப் போட்டார்.